அண்டைச் செடியின் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

தோட்டம், பயிர், மரம் பற்றிய கேள்விகளுக்கு விடையளிக்கும் இப்பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து, எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருந்தும், ஒரே பொருளைத் தொட்டு நின்றன: ஒரு செடியின் வளர்ச்சியில் பக்கத்துச் செடிக்கு உள்ள பங்கு. ஆகவே மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவ்வைந்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) கீழுள்ள சமூகத் தோட்டத்தில் நான்கு ஆண்டுகளாக வெண்டை போடுகிறோம். ஒவ்வொரு முறையும் பாத்தியிலேயே உயரமாக வளர்ந்து, மிக அதிகமாகக் காய்த்த செடியில் விதை எடுத்து அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டோம். இப்போது செடிகள் ஆள் உயரத்திற்கு நிற்கின்றன. ஆனால் பாத்தியின் மொத்தக் காய்ப்போ முதல் ஆண்டைவிடக் குறைவு. நல்ல செடியிலிருந்துதானே விதை எடுத்தோம்? – வாசகர், ஈசூன்

பதில்: முதலில் இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் கடையில் வாங்கிய பொட்டலம் கலப்பின விதையாக இருந்தால், அதற்கு அடுத்த தலைமுறையிலேயே குணங்கள் பிரிந்து காய்ப்பு இறங்கத் தொடங்கியிருக்கும். ஒரே பாத்தியில் விடாமல் வெண்டையே போட்டுவந்தால், வேர்முடிச்சு நூற்புழுவும் தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். இவை இரண்டும் இல்லையென்றால், விதைக்குச் செடி பொறுக்கிய முறையில்தான் கோளாறு. அது உங்களுக்கு மட்டும் நேர்ந்த கோளாறன்று. பயிர்களை மேம்படுத்துவதையே தொழிலாகக் கொண்டவர்களும் பல காலம் அதே தவற்றைச் செய்திருக்கிறார்கள்.

பாத்தியில் ஒரு செடி மற்றவற்றை மிஞ்சி நிற்க இரண்டு வழிகள் உண்டு. தனக்குக் கிடைத்த வெயிலையும் நீரையும் எருவையும் மற்றச் செடிகளைவிடத் திறமையாகக் காயாக்குவது ஒரு வழி. பக்கத்துச் செடிக்குச் சேரவேண்டிய வெயிலையும் நீரையும் தானே எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. காய்களைத் தராசில் நிறுத்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். நீங்கள் பொறுக்கிய செடி இரண்டாம் வகையாக இருந்தால், அடுத்த ஆண்டு அதன் பிள்ளைகளே பாத்தி முழுவதும் நிற்கும். பறிப்பதற்கு இளைத்த செடி ஒன்றும் பக்கத்தில் இராது. ஒவ்வொன்றும் மற்றதை மறைக்கப் பார்த்து, மற்றதால் மறைக்கப்பட்டு, காய்க்குப் போகவேண்டியதைத் தண்டுக்குச் செலவிடும். 'கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்' என்று, அதாவது இடைவிட்டு விதைத்தால் தானியமும் நெருக்கி விதைத்தால் வைக்கோலும் மிகும் என்று, சொல்லி வைத்தவர்கள் இதைக் கண்ணால் பார்த்தவர்கள். உங்கள் பாத்தியில் செடிகளின் நெருக்கம் மாறவில்லை. ஆனால் செடிகளின் குணம் மாறியதால், அடர விதைத்ததன் விளைவு வந்து சேர்ந்துவிட்டது.

இதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் நடந்தது. அங்கே சூனிசன் என்பவர் நான்கு வாற்கோதுமை இரகங்களைச் சம அளவில் கலந்து விதைத்து, அறுத்ததிலிருந்தே மறுபடி விதைத்து, இப்படியே 16 ஆண்டுகள் தொடர்ந்து, முடிவை 1949 இல் வெளியிட்டார். கலவையில் 'அட்லஸ்' என்ற இரகம் 88 விழுக்காட்டை எட்டியிருந்தது. 'வான்' என்ற இரகம் 1 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. வியப்பு என்னவென்றால், தனித்தனி வயல்களில் விதைத்தபோது அட்லஸைவிட அதிகம் விளைந்தது வான்தான். கூட்டத்தில் வென்ற இரகமும் வயலுக்கு நல்ல இரகமும் வேறு வேறாக இருந்தன.

நெல்லிலும் இதே கதைதான். பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டர் ஜென்னிங்ஸும் அவருடன் இருந்தவர்களும் 1960களில் நெட்டை இரகங்களையும் குட்டை இரகங்களையும் கலந்து நட்டுப் பார்த்தார்கள். தனியாக நட்டால் அதிகம் விளையும் குட்டை இரகங்கள், கலவையில் சில போகங்களுக்குள்ளேயே ஏறத்தாழ மறைந்துவிட்டன. 1966 இல் அந்த நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 அப்படிப்பட்ட ஒரு குட்டை நெல். குட்டைத்தன்மையைத் தரும் மரபணு ஒடுங்கு தன்மை உடையது (இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும்) என்பதால், நெட்டையையும் குட்டையையும் இனக்கலப்புச் செய்த இரண்டாம் தலைமுறையில் நாலில் ஒரு செடிதான் குட்டையாக வரும். மற்ற மூன்றும் தலைக்கு மேலே நின்று மறைக்கும் வயலில், அந்த ஒன்றின் அருமை தெரியாது. ஆகவே நெட்டைகளைக் கழித்து, குட்டைகளை மட்டும் தனியே வளர்த்தெடுக்க வேண்டியிருந்தது. வளரும் அழகைப் பார்த்துப் பொறுக்கியிருந்தால் ஐ.ஆர். 8 குப்பைக்குத்தான் போயிருக்கும்.

ஆஸ்திரேலியப் பயிரியலாளர் டொனால்டு 1968 இல் இதையே கொள்கையாக எழுதினார்: வயலுக்கேற்ற கோதுமைச் செடி குட்டையாக, சிறிய நிமிர்ந்த இலைகளோடு, பக்கத்துச் செடியோடு மல்லுக்கு நிற்கத் தெரியாத சாதுவாக இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து.

இனி உங்கள் பாத்திக்கு வருவோம். ஒரு செடியைப் பொறுக்காதீர்கள். ஐந்தாறு நல்ல செடிகளின் விதைகளைத் தனித்தனி உறையில் வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு பகுதியில் விதைத்து, எந்தப் பகுதியின் மொத்தக் காய் எடை அதிகமோ அந்தத் தாய்ச்செடியின் வழியைத் தொடருங்கள். அப்படி ஒப்பிடும்போது ஓரச் செடிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு மீட்டர் அகலப் பாத்தியில் மூன்று வரிசை நட்டால், இரண்டு வரிசை ஓரம். நடு வரிசைக்கு மட்டுமே இருபுறமும் அண்டை உண்டு. நீங்கள் இதுவரை பொறுக்கிய செடி எந்த வரிசையில் நின்றது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

கேள்வி: என் தந்தையார் ஜொகூரில் கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பால் வெட்டியவர். தம் நிரையில் சாலையோரத்து மரங்கள் எப்போதும் கூடுதலாகப் பால் கொடுக்கும் என்றும், அதை நம்பி அந்த மரத்தை உயர்ந்த சாதி என்று எண்ணிவிடக் கூடாது என்றும் சொல்வார். 'நண்டோட நெல், நரியோட கரும்பு, வண்டியோட வாழை, தேரோட தென்னை' என்ற பழமொழியும் அவர் வாயில் அடிக்கடி வரும். இடைவெளியின் பயனை மரத்தின் தரத்திலிருந்து ஆய்வாளர்கள் எப்படிப் பிரித்து அறிகிறார்கள்? – வாசகி, தெம்பனிஸ்

பதில்: உங்கள் தந்தையார் சொன்னது முற்றிலும் சரி. 1877 இல் நம் பூமலைக்கு (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு) வந்து சேர்ந்த 22 கன்றுகளின் வழி இந்த வட்டாரமெங்கும் பரவிய பால்மரத்தில், அதிகப் பால் தரும் தாய்மரங்களைத் தேடி அலைந்தவர்கள் எல்லோரும் இந்தப் பொறியைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. சாலைப் பக்கம் அண்டை மரம் இல்லை. அந்தப் பக்கத்து வெயிலும் மண்ணும் அந்த மரத்துக்கே சொந்தம். பக்கத்து மரம் பட்டுப்போன இடைவெளியின் ஓரத்தில் நிற்பதும் அப்படித்தான்.

நானும் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். இளவயதில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) சோதனைத் திடலில் குலை எடை பதியும் வேலை பார்த்தபோது, ஒரு மரம் மாதந்தோறும் மற்றவற்றைவிடக் கனமான குலைகளைத் தந்ததைக் கண்டு, அதன் எண்ணுக்குச் சிவப்பு மையால் வட்டமிட்டு மேலதிகாரியிடம் பெருமையோடு காட்டினேன். அவர் பதில் சொல்லாமல் திடலுக்கு நடந்தார். அந்த மரத்தின் ஆறு அண்டைகளில் இரண்டு குச்சிகளாக நின்றன. பூசணம் தாக்கி முந்திய ஆண்டே பட்டுப்போனவை. எடைப் பதிவேட்டில் அவற்றுக்கு நேரே வெறும் கோடு மட்டுமே போட்டிருந்தேன்.

அதனால்தான் சோதனைத் திடல்களில் ஓரத்தைச் சுற்றிலும் எடை போடாத காப்பு வரிசை ஒன்றை நடுகிறார்கள். ஆனால் ஓரத்தை ஒதுக்கிய பிறகும் உள்ளே இருக்கும் மரங்களின் சிக்கல் தீர்வதில்லை. அங்கேதான் உண்மையான கணக்கு தொடங்குகிறது. 1967 இல் புரூஸ் கிரிஃபிங் என்ற மரபியலாளர், ஒரு செடியின் மரபுக்கு இரண்டு விளைவுகள் உண்டு என்று எடுத்துக்கொண்டார்: தன் மீது அது ஏற்படுத்தும் விளைவு ஒன்று, தன் அண்டைகள் மீது ஏற்படுத்தும் விளைவு மற்றொன்று. இரண்டும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும். ஆகவே தேர்வின்போது இரண்டையும் கூட்டித்தான் பார்க்கவேண்டும்.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். செம்பனையை முக்கோண அமைப்பில் 9 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டருக்குச் சுமார் 143 மரங்கள் நிற்கும். ஒவ்வொரு மரத்துக்கும் ஆறு அண்டைகள். முதல் மரம் சராசரியைவிட 12 கிலோ அதிகம் தருகிறது, ஆனால் நீண்ட மட்டைகளால் மறைத்து ஒவ்வோர் அண்டையிலும் 3 கிலோவைக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் மரம் 5 கிலோதான் அதிகம் தருகிறது, அண்டையில் குறைப்பதோ அரைக் கிலோ. பதிவேட்டை மட்டும் பார்ப்பவர் முதல் மரத்துக்குத்தான் சிவப்பு வட்டம் போடுவார். ஆனால் முதல் மரத்தின் குளோனையே (அச்சு அசலான மரபு நகலையே) தோட்டம் முழுவதும் நட்டால், ஒவ்வொரு மரத்தையும் சுற்றி அதே குணமுள்ள ஆறு மரங்கள் நிற்கும். 12 கிலோ கூடி, ஆறு மூன்று பதினெட்டுக் கிலோ குறைந்து, மரத்துக்கு 6 கிலோ நட்டம். இரண்டாம் மரத்தின் குளோனில் 5 கூடி 3 குறைந்து, 2 கிலோ லாபம்.

அண்டையில் எவ்வளவு குறைகிறது என்ற இந்த இரண்டாம் எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் எந்த மரமும் தான் பறித்ததைத் தன் குலையில் எழுதி வைப்பதில்லை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மரங்களைத் திடல் முழுவதும் சிதறலாக நட்டு, அவை நிற்கும் இடங்களிலெல்லாம் பக்கத்து மரங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தால், ஒரு குடும்பத்தின் அண்டைகள் தொடர்ந்து இளைத்திருப்பது தெரியவரும். அப்படி ஒவ்வொரு குடும்பத்துக்கும், உறவுமுறைத் தகவலைப் பயன்படுத்தி ஒவ்வொரு மரத்துக்கும்கூட, இரு மதிப்புகளையும் கணினி ஒரே நேரத்தில் மதிப்பிடுகிறது. கணக்கில் நேர்ப் பக்கத்து மரத்துக்கு முழு முக்கியத்துவமும், சதுர நடவில் மூலைவிட்டத்தில் உள்ள மரம் 1.41 மடங்கு தொலைவில் இருப்பதால் அதற்குக் குறைந்த முக்கியத்துவமும் தருவது வழக்கம்.

மரம் பற்றிக் கேட்டால் கோழியைப் பற்றிச் சொல்கிறானே என்று எண்ணவேண்டாம். இம்முறையின் வலிமையை முதலில் தெளிவாகக் காட்டியவை கோழிகள்தாம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர், கூண்டில் ஒன்றையொன்று கொத்திக் கொன்ற முட்டைக்கோழிகளில் தனிக்கோழியைத் தேர்ந்தெடுக்காமல், உடன்பிறந்தவை சேர்ந்திருந்த கூண்டுகளை முழுக் கூண்டாகத் தேர்ந்தெடுத்தார். சில தலைமுறைகளுக்குள் ஆண்டு இறப்பு 68 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. அதே கணக்கை மர வளர்ப்புக்கும் பொருத்தலாம் என்று 2005 இல் எழுதியவரும் அவரே.

கேள்வி: தொடக்கக் கல்லூரியில் உயிரியல் திட்டப்பணிக்காக எட்டுக்கு எட்டு என்று 64 பச்சைப்பயறுச் செடிகளைச் சம இடைவெளியில் நட்டோம். பெரிய செடியின் பக்கத்தில் சிறிய செடி இருக்கும் என்று எதிர்பார்த்தோம். ஆனால் பெரியவற்றின் பக்கத்தில் பெரியவையும் சிறியவற்றின் பக்கத்தில் சிறியவையும்தான் இருந்தன. அப்படியானால் போட்டி இல்லை என்று எழுதிவிடலாமா? – மாணவர், கிளமெண்டி

பதில்: எழுதிவிடாதீர்கள், தம்பி. உங்கள் திடலில் இரண்டு சக்திகள் எதிரெதிராக இழுத்திருக்கின்றன. மண் எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை: ஒரு மூலையில் எரு கூடுதல், இன்னொரு மூலையில் நீர் தேங்கும், மற்றொன்றில் பிற்பகல் முழுவதும் கட்டட நிழல் விழும். அடுத்தடுத்த செடிகள் அதே மண்ணைப் பகிர்வதால் ஒன்றைப்போல் மற்றதும் இருக்கும். இது நேர் ஒட்டுறவு. போட்டியோ ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைக்கும்; இது எதிர் ஒட்டுறவு. மண் வேறுபாடு வலுவாக இருந்தால் போட்டி அதனடியில் மறைந்துகொள்ளும். இரண்டும் சம வலிமையோடு இருந்தால் ஒன்றையொன்று அழித்து, அண்டைகளுக்குள் ஒட்டுறவே இல்லாததுபோல் தோன்றும். இந்தச் சம நிலைதான் ஆபத்தானது. திடல் சீராக இருக்கிறது என்று நிம்மதியாகப் போய்விடுவோம்.

இரண்டையும் பிரிக்கும் வழி, செடிகளுக்கு இடையிலான தொலைவைப் பார்ப்பதில் இருக்கிறது. மண்ணின் போக்கு நான்கைந்து செடிகள் தாண்டியும் மெல்லமெல்லத்தான் மாறும். போட்டி அடுத்த செடியோடு, மிஞ்சினால் அதற்கடுத்த செடியோடு, நின்றுவிடும். ஆகவே முதலில் வரிசை, நிரல் என்ற இரு திசையிலும் மண்ணின் போக்கை மதிப்பிட்டுக் கழித்துவிட்டு, எஞ்சியதில் அடுத்தடுத்த செடிகளை ஒப்பிடுங்கள். அண்டைகளின் சராசரியைக் கொண்டு மண்ணைத் திருத்தும் யோசனையைக் கிரேக்க ஆய்வாளர் பாப்பதாக்கிஸ் 1937 இலேயே முன்வைத்தார்; ஆனால் போட்டி கடுமையாக உள்ள திடலில் அதை அப்படியே பயன்படுத்தினால், பக்கத்துச் செடிகளை நசுக்கிய செடிக்கு 'பாவம், மோசமான மண்ணில் நின்றும் நன்றாக வளர்ந்திருக்கிறது' என்று கூடுதல் மதிப்பெண் போய்ச் சேரும். இன்றைய முறைகள் மண்ணையும் போட்டியையும் ஒரே கணித மாதிரிக்குள் தனித்தனி உறுப்புகளாக வைப்பது இந்த அநீதியைத் தவிர்க்கத்தான்.

உங்கள் திட்டப்பணிக்கு இரண்டு ஆலோசனைகள். 64 செடிகளில் 28 ஓரச் செடிகள். ஒப்பிடுவதற்கு உங்களிடம் உண்மையில் 36 தான் இருக்கின்றன என்பதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள். நேரம் இருந்தால் மறுமுறை உயர இரகம் ஒன்றையும் குட்டை இரகம் ஒன்றையும் சீட்டுக் குலுக்கிப்போட்டு இடம் ஒதுக்கி நடுங்கள். அப்போது ஒரு குட்டைச் செடிக்கு நான்கு உயர அண்டைகளும், இன்னொரு குட்டைச் செடிக்கு நான்கு குட்டை அண்டைகளும் தற்செயலாகவே வாய்க்கும். மண் எப்படி இருந்தாலும் வேறுபாடு தெரிய வாய்ப்பு உண்டு. பட்டுப்போன செடியின் இடத்தையும் தேதியோடு குறித்து வையுங்கள். என் பதிவேட்டுக் கோட்டின் கதையை மேலே படித்திருப்பீர்கள்.

கேள்வி: வீட்டு வாசல் தாழ்வாரத்தில் மிளகாய்த் தொட்டிகளை நெருக்கி வைத்திருக்கிறேன். நல்ல வெளிச்சம் விழும் இடம்தான். ஒன்றன் நிழல் மற்றதில் விழவும் இல்லை. ஆனாலும் தனியாக வைத்த தொட்டியைவிட இவை ஒல்லியாக நீண்டு வளர்கின்றன. ஏன்? – வாசகி, பொங்கோல்

பதில்: நிழல் விழுவதற்கு முன்பே செடிக்குச் செய்தி போய்விடுகிறது. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்கு ஏறத்தாழப் புலப்படாத தூரச் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். பக்கத்துத் தொட்டியிலிருந்து பக்கவாட்டில் வரும் ஒளியில் தூரச் சிவப்பின் பங்கு கூடியிருப்பதைத் தண்டிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி உணர்கிறது. அண்டையில் ஆள் வந்துவிட்டது என்று செடி முன்கூட்டியே நீளத் தொடங்குகிறது. காட்டில் இது உயிர் காக்கும் குணம். வயலில் வீண் செலவு. ஆகவே நெருக்கத்திற்கு ஏற்ற இரகம் தேடுவோர், இந்தச் செய்தியைக் கேட்டும் பதறாத செடிகளை விரும்புவார்கள்.

அமெரிக்க மக்காச்சோளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1930களில் ஹெக்டருக்குச் சுமார் 30,000 செடிகள் நட்டவர்கள் இன்று 80,000 அளவில் நடுகிறார்கள். அகல இடைவெளியில் தனிச் செடி தரும் விளைச்சல் இத்தனை ஆண்டுகளில் பெரிதாகக் கூடவில்லை. இலைகள் நிமிர்ந்து, நெருக்கத்தைத் தாங்கும் இயல்பு கூடியதால்தான் நிலத்தின் விளைச்சல் ஏறியது. உங்கள் தொட்டிகளுக்கு ஒரு சாண் இடைவெளி விட்டுப் பாருங்கள். தாழ்வாரத்தில் நடப்பவர்களுக்கு வழி மறிக்காமல் இருந்தால் சரி.

கேள்வி: நீங்கள் முன்பு எழுதிய பதில்களைப் படித்தால் அண்டைச் செடி என்றாலே பகை என்று தோன்றுகிறது. அண்டையால் நன்மையே இல்லையா? – வாசகர், ஜூரோங்

பதில்: உண்டு, அதுவும் இதே கணக்கிலேயே தெரியவரும். ஆஸ்திரேலியாவில் தைல மரச் சோதனை ஒன்றை மேற்சொன்ன இரு விளைவுக் கணக்கில் ஆராய்ந்து 2013 இல் வெளியிட்டபோது, ஒரே திடலில் இரண்டு எதிரான முடிவுகள் கிடைத்தன. வளர்ச்சியில், நன்றாகப் பருத்த மரபுகளே அண்டையை நசுக்கும் மரபுகளாகவும் இருந்தன. ஆகவே வெளியே தெரிந்த வேறுபாட்டைக் கொண்டு எதிர்பார்த்த முன்னேற்றத்தில் பெரும் பகுதி கரைந்துபோனது. இலைநோயில் நேர்மாறு: நோயை எதிர்த்து நின்ற மரபுகள், நோய்வித்துகளைப் பெருக்காததால், பக்கத்து மரத்தின் நோயையும் குறைத்தன. அங்கே அண்டை விளைவைச் சேர்த்ததும் தேர்வால் பெறக்கூடிய முன்னேற்றம் கூடியது. ஆக, அண்டை விளைவின் குறி கூட்டலா கழித்தலா என்பது நாம் அளக்கும் குணத்தைப் பொறுத்தது.

பயிரிலும் ஒன்று சொல்லலாம். சீனாவின் யுன்னான் மாநிலத்தில், குலைநோய்க்கு எளிதில் இரையாகும் ஒட்டரிசி நெல்லை, நோய் தாங்கும் கலப்பின நெல் வரிசைகளுக்கு நடுவே ஒற்றை வரிசையாக நட்டார்கள். 2000 ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அந்த ஒட்டரிசி நெல்லில் நோயின் கடுமை தனியாக நட்டதைவிட 94 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் 89 விழுக்காடு கூடியது. ஒட்டரிசி நெல் உயரமானது. குட்டையான அண்டைகளுக்கு மேலே அதன் கதிர்கள் காற்றிலும் வெயிலிலும் நின்றதால், நோய்க்கு வேண்டிய ஈரம் அங்கே நெடுநேரம் தங்கவில்லை. ஒரு செடியிலிருந்து கிளம்பிய பூசண வித்துகளில் பெரும்பாலானவை நோய் தாங்கும் இரகத்தின் மீது விழுந்து வீணாயின.